கதவிடுக்கில் கேட்ட 'போங்கோ'

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் பிரியாவிடைக்கு அலுவலகத்தில் கேக் வெட்டியபோது பேசிய எல்லாரும் என்னைத் துணிச்சல்காரி என்று புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க, தெரியாத கதவு ஒன்றைத் தட்டுவதற்கு முன் என் கை வேர்க்காத நாள் இல்லை.

அன்று, என் இடத்துக்கு வரப்போகும் நிலானி ஒரு கேள்வி கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னை 'அன்ரி' என்று கூப்பிடுவதைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். இனிமேல் வீட்டுச் சந்திப்புகளில் பெரும்பகுதி போனிலும் வீடியோவிலும் நடக்கும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. "முகம் தெரிந்தால் போதாதா அன்ரி? அவ்வளவு தூரம் போய்க் கதவைத் தட்டுவதில் என்ன இருக்கிறது?" என்றாள். வாயில் கேக் இருந்ததால் அப்போது தப்பினேன். இப்போது பதில் சொல்கிறேன்.

தெருவில் படுத்தவர்களுக்கு வீடு கிடைத்த பிறகு அவர்கள் அந்த வீட்டில் நிலைத்து நிற்க உதவுவதுதான் எங்கள் வேலை. சாவி கையில் கிடைத்ததும் கதை சுபமாக முடிந்தது என்று ஊர் நினைக்கும். எங்களுக்கு அன்றுதான் தொடங்கும். கரண்ட் மீட்டர், அரசு தரும் பெனிபிட் காசு, டொக்டர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் மேலே தனிமை. வெளியே பல வருடம் கிடந்தவருக்கு நாலு சுவர் என்பது உடனே பாதுகாப்பாகத் தெரியாது. குளிர்காலம் முழுக்க ஹீற்றரைப் போடாமல் கோட்டோடு தூங்கிய அம்மா ஒருவர் இருந்தார். சூடு பழகிவிட்டால் பிறகு வெளியே தாங்க ஏலாது என்று காரணம் சொன்னார். எப்படியும் தெருவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

பயிற்சி வகுப்புகளில் நான் கற்றது கொஞ்சம். மீதியைக் கற்றுத் தந்தவர் என் மேலாளர் பெவர்லி. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவர், ஆகிருதியான பெண். நடந்தால் சத்தம் வராத சப்பாத்துதான் போடுவார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். எங்களுக்குக் காதில் விழாத அளவுக்கு அவர் பேசினால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என் ஞாபகத்தில் இருப்பதோ தமிழில்.

கதவுக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்: ரீவி ஓடுகிறதா, தண்ணீர் ஓடுகிறதா, எத்தனை குரல். தட்டும்போது மடக்கிய விரலின் மொழியால் மெதுவாக. போலீஸ் தட்டுவதுபோலத் தட்டினால் உள்ளே இருப்பவர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். தட்டியதும் பின்னால் வர வேண்டும், துளைக்கண்ணாடியில் நம் முழு உருவமும் தெரியட்டும். நமக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பெயரை மட்டும் சொல்லலாம், எங்கிருந்து வருகிறோம் என்பது அயலவர்களுக்குத் தேவையில்லை. உள்ளே போனால் வாசலுக்குக் கிட்டிய கதிரையில் இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு தெரு முனையைத் தாண்டி நின்று அலுவலகத்துக்குப் போன் எடுக்க வேண்டும். ஆபத்து என்றால் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு வசனம் இருந்தது. "என் குடையை அங்கே விட்டுவிட்டேனா, ஒருக்கால் பாருங்கள்." அதைக் கேட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்பார்.

என் முதல் வருடத்தில் ஒரு கதவு திறக்கவே இல்லை. உள்ளே இருந்தவர் முதியவர், பார்க் வாங்கில் படுத்துக் கிடந்து, பிறகு வீட்டுக்கு வந்தவர். பூட்டுத் திறக்கிறவர் வேலை செய்துகொண்டிருக்க, பெவர்லியும் நானும் நடையில் நின்றோம். நேரம் கடந்திருந்தது. இருதயம் நின்றுபோயிருந்தது என்றார்கள். "தெருவில் விழுந்திருந்தால் யாராவது கால் தடுக்கியாவது பார்த்திருப்பார்கள். நாங்கள்தான் அவருக்குக் கதவைக் கொடுத்தோம். அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்க வேண்டும்" என்றார் பெவர்லி. அன்றிலிருந்து பதில் வராத கதவை விட்டு நான் இலேசில் நகர்ந்ததில்லை.

சூசைதாசன் எங்களிடம் வந்தது பிற்காலத்தில். மன்னார்ப் பக்கம். நாற்பதுகளின் கடைசியில் இருந்த, மெலிந்த, முகச் சவரத்தில் மட்டும் மிகக் கவனமான மனிதர். விசாவும் குடும்பமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப்போய், ஆர்ச்வேப் பக்கம் கடை வாசல்களில் படுத்திருந்தார். விசா பிரச்சினை தீர்ந்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை. முருகன் கோயிலில் சாப்பிட்டுத்தான் உயிர் தப்பியதாகச் சொல்வார். "நான் வேதக்காரன் அக்கா. ஆனா முருகன் ஒருநாளும் ஞானஸ்நான சேட்டிபிக்கற் கேக்கேல்லை" என்பார்.

அவருக்குப் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தொடர்மாடியில் ஒற்றை அறை பிளாட் கிடைத்தது. அவர் அதை ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. "உங்கட பிளாட்டிலை லைற் எரியேல்லை", "உங்கட பிளாட்டிலை பைப் ஒழுகுது" என்பார், நான் ஏதோ வாடகைக்கு விட்டதுபோல. வாசலுக்கு நேரே சுவரில், தன் ஊர்ப் பக்கத்து மடு மாதா படம் ஒன்றை மாட்டியிருந்தார். என்னைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பியதே இல்லை. பால்மாவோடு சீனி கரைந்து கூழாகும் அளவுக்கு இனிப்பு. எனக்கோ சலரோகம். ஒரு வாய் குடித்துவிட்டு ஆற வைப்பதாக நடிப்பேன்.

முதல் நாள் நான் புறப்படும்போது, எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். "போட்டு வாறன் சூசை." கூட வந்திருந்த பெவர்லி படியிறங்கும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். போய்விட்டு வருகிறேன் என்றேன். "எப்போது வருவதாகச் சொன்னாய்?" என்றார். அப்படி ஒன்றும் சொல்லவில்லை, இது சும்மா விடைபெறும் சொல் என்றேன். அவர் குரல் இறங்கியது. "இவர்களிடம் நாள் இல்லாமல் 'வருகிறேன்' என்று சொல்லாதே. அப்படிச் சொல்லிவிட்டு வராதவர்களால் நிரம்பியதுதான் இவர்களுடைய வாழ்க்கை. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ."

போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதா? எங்கள் வீடுகளில் அப்படி வாய் தவறிச் சொன்னாலே வாயில் அடிப்பார்கள். திரும்பி வராத பயணத்துக்கு உரிய சொல் அது. செத்த வீட்டில்கூட நாங்கள் சொல்லாமல்தான் புறப்படுவோமே தவிர 'போறன்' என்று சொல்ல மாட்டோம். இதைப் படிக்கட்டில் நின்றபடியே பெவர்லிக்கு விளக்கினேன். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். "போட்டு செவ்வாய்க்கிழமை வாறன்." சூசைக்கு அது சிரிப்பாக இருந்தது. "போட்டு வாங்கோ அக்கா, செவ்வாய்க்கிழமை" என்று ஒவ்வொரு முறையும் நாளையும் சேர்த்துச் சொல்லி என்னைக் கேலி செய்வார். அது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவைத் தட்டுவதற்கு முன் வழக்கம்போலக் கேட்டேன். ரேடியோ இல்லை. யாரோ ஒருவர் இருமினார், அது சூசையின் இருமல் அல்ல. தட்டினேன். துளைக்கண்ணாடி இருண்டது, வெளிச்சமானது, மறுபடி இருண்டது. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

கதவு ஒரு கையகலம் திறந்தது. சூசை சவரம் செய்திருக்கவில்லை. அவர் தோளுக்கு மேலால் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது, மாதா படம் இல்லை. கீழே கதவோரமாக ஒரு புது விளையாட்டுச் சப்பாத்து நின்றது. அதற்குள் கால் இருந்தது.

"ஐ ஆம் ஓகே. டுடே நோ நீட்" என்றார் ஆங்கிலத்தில். என்னோடு அவர் ஆங்கிலம் பேசியதே இல்லை.

"அப்ப செவ்வாய்க்கிழமை வாறன்" என்றேன். நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "வேண்டாம். போங்கோ" என்றார். கதவு மூடியது.

உள்ளே ஒரு ஆண் குரல், என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்தில் அதட்டியது. "ஐ செட் பை பை" என்று சூசை சொல்வது கேட்டது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தேத்தண்ணி குடித்த எனக்கு இதுதான் மரியாதையா என்று மனம் சுட்டது. அடுத்த தளத்துக்கு இறங்கும்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. போட்டு வாங்கோ என்று சொல்லவில்லை. நாளும் சொல்லவில்லை. போங்கோ. எங்கள் ஆட்களில் ஒருவர், அதுவும் விருந்தாளிக்கு வெறும் தண்ணியாவது கொடுக்காமல் அனுப்பத் தெரியாத ஒருவர், அந்தச் சொல்லை வாசலில் நின்று சொல்கிறார் என்றால், திரும்பி வந்தால் உனக்கு ஆபத்து என்று சொல்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளங்காத ஒரு இடத்தில் அதை ஒளித்து வைத்துச் சொல்கிறார்.

தெரு முனையைத் தாண்டி பெவர்லிக்குப் போன் எடுத்தேன். நான் பத்திரமாக வெளியே நிற்கிறேன், என்னவும் பேசலாம். ஆனால் வாயில் வந்தது, "என் குடையை அங்கே விட்டுவிட்டேனா பாருங்கள்."

"நீ கட்டடத்துக்குள் இருக்கிறாயா?"

"இல்லை."

"யாராவது பின்னால் வருகிறார்களா?"

"இல்லை. எனக்கு இல்லை பெவர்லி. அவருக்குத்தான் குடை" என்றேன். என்ன உளறுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு விளங்கியது.

இப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். போதைத் தூள் விற்கிறவர்கள் தனியாக இருக்கும் பலவீனமான ஒருவரின் வீட்டுக்குள் நட்பாக நுழைந்து, பிறகு அவரையே கைதியாக்கி அங்கே வியாபாரம் செய்வார்கள். இங்கே அதற்குக் குயிலின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் குயில் என்றால் பாட்டு. இவர்களுக்கு அடுத்தவன் கூட்டைப் பிடிக்கும் பறவை.

போலீசைக் கூப்பிடுவது சுலபமான முடிவு என்று நினைக்காதீர்கள். சூசையின் பிளாட்டுக்கு ஆட்கள் வந்து போவதாக அயலவர்கள் ஏற்கெனவே முறையிட்டிருந்தார்கள் என்று பெவர்லி அப்போதுதான் சொன்னார். அந்தப் பிளாட்டுகளை வாடகைக்கு விடும் நிர்வாகம் அவரை வெளியேற்றும் யோசனையில் இருந்தது. போலீஸ் உள்ளே போய்த் தூளைக் கண்டெடுத்தால் அது சூசையின் வீட்டில் எடுத்த தூள். கூப்பிட்டால் வீடு போகும். கூப்பிடாவிட்டால் ஆள் போகக்கூடும். அந்த நடைபாதையில் நின்றபோது வந்த பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"அவர் என்ன சொன்னார்? சரியாகச் சொல்" என்றார் பெவர்லி.

"போ என்று சொன்னார். வா என்று சேர்க்காமல்."

"படிக்கட்டில் சொன்னாயே, அந்தச் சொல்லா?"

"ஓம்" என்றேன் தமிழில்.

"நீ ரெயில்வே ஸ்டேஷனுக்கு நட. நான் போலீசைக் கூப்பிடுகிறேன். வீடு போனால் இன்னொரு வீட்டுக்குச் சண்டை பிடிப்போம்" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

போலீஸ் மறுநாள் பகலில் போனது. அதுவரை நான் ஒன்றும் செய்யவில்லை. சமைத்தேன், சாப்பிடவில்லை. போன் மேசையில் கிடந்தது, அதைப் பார்த்தபடி இருந்தேன். அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று மனம் ஒவ்வொரு படமாகக் காட்டியது. எல்லாப் படத்திலும் அந்த ஆணி இருந்தது. பெவர்லி கூப்பிட்டு, "உயிரோடு இருக்கிறார்" என்ற பிறகு மிச்சத்தை நான் கேட்கவில்லை, அழுதுவிட்டேன். அவரைக் குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்களாம். விலா எலும்பு ஒன்று உடைந்திருந்தது. மாதா படத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

அடுத்தது நிர்வாகத்தின் கூட்டம். அதை நடத்திய அதிகாரி பொல்லாதவர் அல்ல, களைத்தவர். ஆனால் அவருடைய கேள்விகள் ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிராகவே திரும்பின.

"உதவிக்கு வந்தவரைத் திரும்பிப் போகச் சொன்னாரா?"

"சொன்னார்" என்றேன். அதுதான் உண்மை.

"அப்படியானால் அவரே உதவியை மறுத்திருக்கிறார்."

நான் விளக்கத் தொடங்கினேன். போவதும் வருவதும், எங்கள் வழக்கம், வாசல், தேத்தண்ணி. சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது. ஒரு சொல்லின் வால் இல்லாததை வைத்து ஒரு மனிதரின் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறேன். சூசை பக்கத்தில் விலாவைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

அப்போது பெவர்லி பேசினார். "இந்தச் சொல்லுக்காக நான் இவளைத் திட்டியிருக்கிறேன். இந்தப் பிரச்சினை வருவதற்கு எவ்வளவோ முன்னால். போகிறேன் என்று சொல் என்றேன். வேலையே போனாலும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்பதுபோல நின்றாள். இவர்களிடையே அது அவ்வளவு கனமான சொல். அவர் அதைச் சொன்னார் என்றால், சொல்வதற்கு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை."

அதிகாரி சூசையைப் பார்த்தார். முதலில் எதற்காக அவர்களுக்குக் கதவைத் திறந்தீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

சூசை நிமிராமலே சொன்னார். "ஒருத்தனை எனக்கு முந்தியே தெரியும், ஆர்ச்வேயிலை எனக்குப் பக்கத்திலை படுத்தவன். மழைக்குள்ள வந்து போன் சார்ஜ் போடக் கேட்டான். தேத்தண்ணி குடுத்தன். வெளியிலை கிடந்த எனக்கு, வெளியிலை நிக்கிறவனுக்கு எப்பிடிக் கதவைச் சாத்திறது எண்டு தெரியேல்லை. மற்ற ஆக்களை அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன்."

இதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சூசையை வெளியேற்றாமல் வேறு இடத்துக்கு மாற்றச் சம்மதித்தார்.

கிங்ஸ்பரியில் கிடைத்த பிளாட்டில் அவருடைய பிரச்சினை தலைகீழாகிவிட்டது. யாருக்கும் கதவைத் திறக்க மாட்டார், எனக்கும்தான். பெவர்லி சொல்லித்தந்த விரல் மொழித் தட்டலுக்கும் உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்பார். நான் நடையில் நின்று வேர்ப்பேன். பிறகு ஒருநாள் தட்டுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று, "சூசை, போட்டு வந்திட்டன்" என்றேன். கொண்டி விலகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு அதுதான் தட்டல்.

பெவர்லி எனக்கு முன்னமே ஓய்வு பெற்றார். என் முறை வந்தபோது எனக்கு ஒரு புதுப் பயம். வேலையை விட்ட பிறகு நாங்கள் இவர்களைப் போய்ப் பார்க்கக் கூடாது, அது விதி. கடைசிச் சந்திப்பில் நான் என்ன சொல்லிவிட்டுப் புறப்படுவது? போட்டு வாறன் என்றால் பொய். மற்றதைச் சொல்ல வாய் வராது. ரெயிலில் போகும்போது முழுக்க அதையே மாற்றி மாற்றி யோசித்தேன்.

தேத்தண்ணி தந்தார். அன்று முழுவதையும் குடித்தேன், சலரோகம் ஒருநாள் பொறுத்துக்கொள்ளட்டும். இனி நிலானி என்ற பிள்ளை உங்களைப் பார்த்துக்கொள்ளும், பெரும்பாலும் போனில் கூப்பிடும் என்றேன்.

"போனிலை எந்தக் கதவை அக்கா இடுக்காத் திறக்கிறது?" என்றார்.

நிலானி, உன் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் இதுதான். நானாகக் கண்டுபிடித்ததல்ல.

நான் எழும்பினேன். வாசலில் நின்றேன். வாய் திறக்கவில்லை. சூசை என் முகத்தைப் பார்த்துவிட்டு, மழை தூறுது, பஸ் தரிப்பு வரைக்கும் வாறன் என்று கோட்டைப் போட்டுக்கொண்டார். சாவியை இரண்டு தரம் திருப்பி, கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். தரிப்பில் வேலையைப் பற்றியோ விடைபெறுவதைப் பற்றியோ பேசவில்லை. மீன் விலையைப் பற்றிப் பேசினோம். என் பஸ் வளைவில் தெரிந்தது.

"அப்ப நான் போறன்" என்றார் சூசை.

கையகலக் கதவும் வெறும் ஆணியும் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தன. அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

"வீட்டை போறன் அக்கா" என்றார். "சோறு வைச்சிட்டு வந்தனான், இறக்கோணும்."

உங்கட பிளாட் என்று சொல்லவில்லை. வீடு என்றார். கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் வந்த பிறகுதான், நான் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.